கட்டிப் போட்ட ஃபேன்

அடையாறு கடலில் போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். குப்பத்தின் கடைசியில், மணலை ஒட்டி, ஒரு வரிசை வீடுகள். என் வீடும் அதில் ஒன்று. அந்த வரிசைக்கு மட்டும் கரண்ட் கிடையாது. ஒரு தடவை புறம்போக்கு என்பார்கள், ஒரு தடவை கடலுக்கு ரொம்பக் கிட்டே என்பார்கள், ஒரு தடவை ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடுக்குமாடிகளில் கண்ணாடி லிஃப்ட் ஏறுவதும் இறங்குவதும் எங்கள் வாசலிலிருந்தே தெரியும். அந்த வெளிச்சம் தண்ணீரில் விழுந்து எங்கள் கரை வரைக்கும் வரும்.

"பாரு மச்சி, கரண்டு நீஞ்சிக்கினு வருது. கரை ஏறத்தான் பர்மிஷன் இல்ல" என்பார் என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவருடைய ஃபைபர் படகில்தான் நான் தொழிலுக்குப் போனேன். பக்கத்து வீடு. வயதில் மூத்தவர் என்றாலும் என்னை மச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் பேசுவார், நான் கேட்பேன். கடலில் இரண்டு பேர் பேசினால் மீன் ஓடிவிடும் என்று அவரே ஒரு சட்டம் வைத்திருந்தார். அந்தச் சட்டம் எனக்கு மட்டும்தான்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு படகு. பேச்சு எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. நாலு பேர் பார்த்தால் கழுத்தெல்லாம் வேர்க்கும். கல்யாணப் பந்தியில் இன்னொரு தடவை சோறு கேட்க வெட்கப்பட்டுப் பாதி வயிற்றோடு எழுந்து வந்தவன். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வரிசைக்குக் காற்றாலை வந்தபோது அதைப் பார்த்துக்கொள்ள என்னைத் தேர்ந்தெடுத்ததே இதனால்தான்.

கொண்டு வந்தவர்கள் ஓர் அறக்கட்டளைக்காரர்கள். மலையிலும் தீவிலும் கம்பி போகாத கிராமங்களுக்குச் சின்னச் சின்னக் காற்றாலை வைத்துக் கரண்ட் கொடுப்பது அவர்கள் வேலை. தூர ஊர்களுக்கு எடுத்துப் போகும் முன்னால் உப்புக் காற்றில் அது தாங்குகிறதா என்று பார்க்க, அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஊர் வேண்டியிருந்தது. பட்டணத்துக்குள்ளேயே கரண்ட் இல்லாத இடம் ஒன்று இருப்பது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. இன்ஜினியராக வந்தது ஒரு சின்னப் பெண். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடக்கத் தெரிந்த பெண். "இங்கே யார் அண்ணா பொறுப்பு?" என்று அவள் கேட்டபோது எங்கள் ஊர்த் தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பின்னால் நின்றிருந்தேன்.

"இவன்தான். யாரையும் எதுத்துப் பேச மாட்டான்" என்றார் தலைவர்.

கம்பம் என் வீட்டுக்கும் மச்சான் வீட்டுக்கும் நடுவில் நின்றது. உச்சியில் மூன்று இறக்கை, பின்னால் வால் மாதிரி ஒரு தகடு. கீழே ஒரு பெட்டிக்குள் பேட்டரி. அதிலிருந்து வீட்டுக்கு ஒரு பல்பு, செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக்கு. வலை கட்டும் கொட்டகைக்கு ஒரு விளக்கு. கம்பத்தின் நெஞ்சில் அறக்கட்டளையின் பெயர் போட்ட போர்டு. அவ்வளவுதான். மின்விசிறி கூட ஓடாது. ஆனால் பொழுது சாய்ந்த பிறகு மீன் அரிகிறவள் அரிவாள்மனை எங்கே, விரல் எங்கே என்று தடவ வேண்டாம்.

அந்தப் பெண் அதை டர்பைன் என்றாள். எங்களுக்கு அது ஃபேன். பெயர் வைத்தவர் மச்சான்தான்.

"ஊர்ல ஃபேனு கரண்டத் தின்னுட்டு காத்து குடுக்கும். நம்ம ஃபேனு காத்தத் தின்னுட்டு கரண்டு குடுக்குது. தலகீழ் வரிசைக்குத் தலகீழ் ஃபேனு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அதோடு விடவில்லை. பல்பு மங்கினால் என் வாசலில் வந்து நின்று, "இன்னா மச்சி, உன் ஃபேனு இன்னிக்கு விரதமா?" என்பார். காற்று இல்லாத நாளில் ஏறி அச்சுக்கு நான் கிரீஸ் தடவினால், "மாப்பிள்ளைக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறான் பாரு" என்பார். ஆனால் முதல் நாள் சாயங்காலம் பல்பு எரிந்தபோது அவர் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, மடியில் கையை விரித்து வைத்துக்கொண்டு, உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். தூண்டில் நரம்பு அறுத்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் பார்ப்பது தெரிந்ததும், "இன்னாடா, கை ரேகை ஜோசியம் பாக்கறேன்" என்றார்.

வாலிலிருந்து ஒரு கயிறு கம்பத்தின் அடி வரைக்கும் தொங்கும். புயல் வந்தால் அந்தக் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். கட்டினால் வால் மடங்கும், ஃபேன் காற்றுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றுவிடும். புயலுக்கு மட்டும்தான் கட்ட வேண்டும், மற்ற நாளில் அதைத் தொடவே கூடாது என்று அந்தப் பெண் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் தலையாட்டினேன்.

புயலுக்கு முன்னால் ஒரு சாவு வந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். யார் செத்தாலும், பிணம் எடுத்து முடிகிற வரைக்கும் ஒரு படகும் கடலில் இறங்காது. பெரிய மனுஷன், சின்ன மனுஷன், சண்டைக்காரன் என்ற பேதம் கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் சாவு விழுந்தாலும் படகு மணலில்தான் இருக்கும். கூடை தூக்கும் பெண்களும் மார்க்கெட்டுக்குப் போக மாட்டார்கள். ஊரே சும்மா இருக்கும். சும்மா இருப்பதுதான் எங்கள் மரியாதை.

அன்றைக்குச் செத்தவர் மச்சான் வீட்டுக்கு அடுத்த வீட்டில், வரிசையின் முதல் வீட்டில், இருந்த மனிதர். பெஞ்சில் கிடத்தி, மாலை போட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மேளம் அடிப்பவர்கள் டீ குடிக்க நிறுத்திய நேரம். ஊர் அமைதியாகிவிட்டது. அப்போதுதான் மேலே ஃபேன் சுற்றுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். ஆனால் அன்றைக்கு அது, சாவு வீட்டு வாசலில் ஒருத்தன் விசில் அடித்துக்கொண்டு வேலை செய்வது மாதிரி இருந்தது.

மச்சான் எழுந்தார். "ஊரே தொழிலுக்குப் போவல. இது மட்டும் இன்னா பெரிய தொழில் பண்ணிக்கினு கீது?" என்றார். நேராகப் போய் அந்தக் கயிற்றை இழுத்து, நங்கூரக் கயிறு கட்டுகிற முடிச்சாகப் போட்டுவிட்டார். ஃபேன் திரும்பி, தயங்கி, நின்றது. செத்தவரின் மகள் மேலே பார்த்தாள், பிறகு அழுதாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் கடலில் குளித்த பிறகு அந்த வீட்டு மகன் போய்க் கயிற்றை அவிழ்த்தான். அன்றிலிருந்து அதுவும் வழக்கமாகிவிட்டது. சாவு விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரன் கட்டுவான், பிணம் எடுத்த பிறகு செத்த வீட்டு ஆள் அவிழ்ப்பான். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஃபேன் எங்களில் ஓர் ஆளாகிவிட்டது, அவ்வளவுதான். நான் மட்டும் இன்ஜினியர் பெண்ணிடம் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

என் மனைவி மந்தைவெளியில் ஒரு தெருமுனையில் மீன் விற்கிறாள். மயிலாப்பூர் வீடுகளுக்கும் கூடை எடுத்துப் போவாள். எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். ஒரு நாள் அவள்தான் அந்தச் சேதியைக் கொண்டு வந்தாள். இன்ஜினியர் பெண் அவளிடம் மீன் வாங்கும்போது சொன்னாளாம். அறக்கட்டளையின் பெரிய ஆள் வெளியூரிலிருந்து நேரில் பார்க்க வருகிறார். ஃபேன் நன்றாக ஓடுகிறது, ஜனங்கள் உபயோகப்படுத்துகிறார்கள் என்று அவர் எழுதினால் இது இங்கேயே நிற்கும். இல்லை என்றால் கழற்றி, வரிசையில் காத்திருக்கும் ஏதோ மலைக் கிராமத்துக்கு எடுத்துப் போவார்கள்.

"வர்றவங்க முன்னாடி ஒழுங்கா நின்னு நாலு வார்த்த பேசுய்யா. வாயில கொழுக்கட்டய வச்சிக்கினு நிக்காத" என்றாள்.

"நீ பேசு" என்றேன்.

"நான் பேசுனா மீன் வாங்குறாங்க. கரண்டு குடுப்பாங்களா?"

அவர்கள் வருவதற்கு முதல் நாள் மச்சான் செத்துப் போனார்.

கடலில் இல்லை. கரையில், படகை மேலே தள்ளும்போது. "இன்னும் ஒரு தள்ளு" என்று சொன்னார். நாங்கள் தள்ளினோம். அவர் பக்கம் மட்டும் தள்ளு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் படகின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். போய் என்ன.

சாயங்காலம் உடலைக் கொண்டு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நான்தான் கயிற்றைக் கட்ட வேண்டியிருந்தது. அவர் போட்ட அதே முடிச்சைத்தான் போட்டேன். அது கோணலாக வந்தது. அவர் இருந்தால் அதை வைத்தே ஒரு வாரத்துக்குக் கேலி பண்ணியிருப்பார். ஃபேன் நின்றுவிட்டது, ஆனால் பேட்டரியில் கரண்ட் இருந்ததால் அவர் தலைமாட்டில் பல்பு எரிந்தது. காலையில் அவர் உயிரோடு இருந்தபோது அடித்த காற்று அது. அந்த வெளிச்சத்தில் அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். அந்தக் கோடுகளெல்லாம் இருந்தன.

மறுநாள் காலையில் நல்ல காற்று. வாசலில் போட்டிருந்த சாமியானா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் காரில் வந்தார்கள். பெரிய ஆளும், கேமரா வைத்த ஒருவரும், இன்ஜினியர் பெண்ணும். சாவைப் பார்த்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உடலுக்கு முன்னால் கைகூப்பினார். அவரைக் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். கும்பிட்டுவிட்டு மேலே பார்த்தார்.

"ஏன் ஓடலை?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

அவள் என்னிடம் வந்தாள். "அண்ணா, கயிறு ஏன் கட்டியிருக்கு? புயல் இல்லையே?"

"சாவும்மா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. தலைவர் வந்து விளக்கினார். பெரிய ஆளும் கேட்டார், தலையாட்டினார். பிறகு மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார்.

"உங்க வழக்கத்தை நான் தப்பா சொல்லலை. ஆனா நான் இன்னொரு தடவை எப்போ வர முடியும்னு தெரியாது. இது ஓடுறதைப் பார்க்காம ஓடுதுன்னு எழுத முடியாது. ஒரு பத்து நிமிஷம் அவிழ்த்து விடுங்க. ஒரு போட்டோ, ஒரு ரீடிங். அப்புறம் நீங்களே கட்டிடுங்க."

பத்து நிமிஷம்.

இந்தப் பத்து நிமிஷத்தை எங்களிடம் கேட்காதவர்கள் யார்? மந்திரி கார் போக, காயப் போட்ட கருவாட்டைப் பத்து நிமிஷம் எடுங்கள். ஷூட்டிங் நடக்கிறது, படகைப் பத்து நிமிஷம் தள்ளி வையுங்கள். கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம், வலையைப் பத்து நிமிஷம் சுருட்டுங்கள். காலையில் நடக்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கூடையைப் பத்து நிமிஷம் மூடி வையுங்கள் என்பார்கள். ஒவ்வொரு தடவையும் நாங்கள் எடுத்தோம், தள்ளினோம், சுருட்டினோம், மூடினோம். போன பத்து நிமிஷம் எதுவும் திரும்பி வரவில்லை. சில இடங்களில் வலையை மறுபடி விரிக்கப் போனபோது வேலி இருந்தது. முதலில் எழுந்து தள்ளியவன் எப்போதும் நான்தான். யாராவது சத்தமாகப் பேசிவிடுவார்களோ என்ற பயத்தில் அவர்கள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே தள்ளிவிடுவேன்.

தலைவர் தாடையைத் தடவினார். "அவ்ளோ தூரத்துலேருந்து வந்துகிறாங்க. அவுத்து வுட்டுட்டு கட்டிடலாம். ஊருக்கு நல்லதுதான?" என்று என்னைப் பார்த்தார். நான் போய் அவிழ்ப்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மச்சான் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. அவளே சொன்னாள். "அவுத்து வுடு தம்பி. அந்தாளு இருந்தா அவரே அவுத்து வுட்டுட்டு சிரிச்சிருப்பாரு. லைட்டு போச்சுன்னா அப்பறம் வராது."

அவள் சொன்னது சரிதான். மச்சான் அவிழ்த்திருப்பார். ஒரு கேலியும் சேர்த்துச் சொல்லியிருப்பார். எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். செத்தவரைக் கேட்க முடிந்திருந்தால் அவரும் சம்மதித்திருப்பார். நான் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கயிற்றில் கை வைத்தேன். கழுத்தில் வேர்வை இறங்கியது. கேமராக்காரர் கேமராவைத் தூக்கிவிட்டார்.

கயிற்றைப் பிடித்தபடியே, "அவுக்க மாட்டேன்" என்றேன்.

என் குரலே எனக்குக் கேட்கவில்லை. "இன்னாது?" என்றார் தலைவர்.

"அவுக்க மாட்டேன் தலைவரே. மொத சாவுக்கு இவருதான் கட்டுனாரு. இவரு சாவுக்கு அவுக்க மாட்டேன்."

"பத்து நிமிஷம்தான்யா."

"அதான் மாட்டேன்."

பெரிய ஆள் என் பக்கத்தில் வந்தார். "இது போனா நஷ்டம் உங்களுக்குத்தான். மலை மேல ஓர் ஊர் இருக்கு. பிள்ளைங்க சிம்னி விளக்குல படிக்குறாங்க. அவங்க கேட்டுட்டே இருக்காங்க. இதை ஓட விடாம நிறுத்தி வச்சிருக்கிற ஊர்ல நான் என்ன சொல்லி இதை விட்டு வைக்கிறது?"

அந்த மலை ஊர்ப் பிள்ளைகள் விஷயம் என்னைக் குத்தியது. இன்றைக்கும் குத்துகிறது. சிம்னி விளக்கில் கண்ணைக் கசக்கியவன்தான் நானும். அவர்களுக்கு எதிராக நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"குடுங்க சார். அவங்களுக்கும் குடுங்க. ஆனா எங்க கொண்டுபோய் நட்டாலும் அந்த ஊர்லயும் சாவு விழும். அன்னிக்கும் இப்டிதான் யாராச்சும் கட்டுவாங்க. அங்கயும் போய்ப் பத்து நிமிஷம் கேப்பீங்களா?"

அவர் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார். கேமராக்காரர் நின்றுபோன ஃபேனைப் படம் எடுத்துக்கொண்டார். காரில் ஏறும்போது அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

என் மனைவி அண்ணனின் காலடியிலிருந்து என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "இத்தினி நாளா அந்த வாயில இன்னா வச்சிருந்த?" என்று கேட்டுவிட்டு, அண்ணனைப் பார்த்து மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

அன்று மத்தியானம் எடுத்தோம். திரும்பி வந்து குளித்த பிறகு ஒரு சிக்கல். மச்சானுக்குப் பையன் இல்லை, ஒரு பெண்தான். அவள் கைக்குழந்தையோடு உள்ளே படுத்திருந்தாள். மருமகனைக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்டார்கள். அதற்குள் மச்சான் மனைவியே எழுந்து வந்தாள். ஈரப் புடவையோடு கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று முடிச்சைப் பார்த்தாள்.

"இன்னா தம்பி இப்டி கோணலா கட்டிக்கிற. அவரு பாத்தா மானத்த வாங்கியிருப்பாரு" என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது. அவள் இழுத்ததும் முடிச்சு அவிழ்ந்தது. வால் நிமிர்ந்தது. ஃபேன் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் பண்ணினார். பெரிய ஆள் இல்லை, வேறு யாரோ. கடைசியாக ஒரு வாய்ப்பு தருகிறார்களாம். வெள்ளிக்கிழமை ஆள் அனுப்புவார்களாம். அன்றைக்குக் கட்டாயம் ஓட வேண்டுமாம். "கட்டாயம் ஓடும்னு நீங்க உறுதி குடுக்கணும்" என்றார்.

"யாரும் சாவாம இருந்தா ஓடும் சார்" என்றேன்.

"என்ன, மிரட்டுறீங்களா?" என்றார். நான் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் வேன் வந்தது. கழற்றி எடுத்துப் போக. ஒரு சூப்பர்வைசர், கூட மூன்று ஃபிட்டர்கள், ஏணி, ஸ்பேனர் பெட்டி. சூப்பர்வைசர் கையில் இருந்த தாளை வாசித்துக் காட்டினார். ஜனங்கள் உபயோகப்படுத்தவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஆகவே வேறு இடத்துக்கு மாற்றுகிறோம் என்று அதில் இருந்தது.

மத்தியானம் தாண்டிய நேரம். கடல் காற்று முழு வீச்சில் இருந்தது. மூன்று இறக்கையும் ஒரு வட்டமாகத்தான் தெரிந்தன. மார்க்கெட்டிலிருந்து திரும்பிய பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றார்கள். என் மனைவி முன்னால் வந்து மேலே கையைக் காட்டினாள்.

"யோவ், ஒனக்குக் கண்ணு தெரியுதா? நிறுத்தி வச்சிருக்கறது இப்டிதான் சுத்துமா?"

"எனக்கு ஆர்டர்மா. இதுல இருக்கறதத்தான் நான் செய்ய முடியும்" என்றார் சூப்பர்வைசர். பாவம், வெயிலில் அவருக்கும் வேர்த்துக் கொட்டியது. ஃபிட்டர்களில் மூத்தவர் மேலே பார்த்துவிட்டு, "சார், இது இந்த வேகத்துல ஓடும்போது ஏணி போட முடியாது. கையை வெட்டிடும். மொதல்ல நிறுத்தணும்" என்றார்.

சூப்பர்வைசர் என்னிடம் திரும்பினார். பொறுப்பு நான்தான் என்று தாளில் இருந்திருக்கும். "நீங்கதானே இதைப் பாத்துக்கறது? அந்தக் கயிற்றை ஒரு பத்து நிமிஷம் கட்டிப் பிடிங்க. நாங்க கழட்டிடறோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவிழ்க்கப் பத்து நிமிஷம். இன்றைக்குக் கட்டப் பத்து நிமிஷம். மச்சான் பக்கத்தில் இருந்திருந்தால் மணலில் விழுந்து சிரித்திருப்பார்.

"நாங்க சாவுக்குத்தான் சார் கட்டுவோம்" என்றேன். "யாரு செத்தாங்க?"

சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. ஆனால் ஃபிட்டர்களுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் எந்த ஊரோ தெரியாது, நம் ஜனங்கள்தான். கயிற்றுப் பக்கம் போயிருந்த ஒருவர் கையை இழுத்துக்கொண்டார். மச்சான் மனைவி தன் வாசலில் இருந்தபடியே, "போன மாசம் எங்க வூட்டுக்காரருக்குக் கட்டுனது. இப்ப யாரு வூட்டுக்குக் கட்டப் போறீங்க, சொல்லிட்டுக் கட்டுங்க" என்றாள். சத்தமாகக் கூடச் சொல்லவில்லை.

"சார், நமக்கு எதுக்கு சார் இது" என்றார் மூத்த ஃபிட்டர். "வேணும்னா நீங்க கட்டுங்க. வூட்ல புள்ள குட்டி கீது எனக்கு."

சூப்பர்வைசர் கயிற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவருக்கும் வீடு இருக்குமே. தள்ளிப் போய்ப் போனில் யாரிடமோ பேசினார். ரொம்ப நேரம் பேசினார். நாங்கள் யாரும் அவரைத் தொடவில்லை, திட்டவில்லை, வேனை மறிக்கவில்லை. நின்றோம், அவ்வளவுதான். நான் கம்பத்தில் முதுகைச் சாய்த்து நின்றேன். ஃபேனின் நடுக்கம் கம்பத்தின் வழியாக இறங்கி முதுகெலும்பில் தெரிந்தது. நாலு பேர் இல்லை, நாற்பது பேர் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு வேர்க்கவில்லை.

கடைசியில் அவர் வந்து போர்டை மட்டும் கழற்றச் சொன்னார். அறக்கட்டளையின் பெயர் இருந்த போர்டு. அதற்குக் கயிறு கட்ட வேண்டியதில்லை. "இனிமே இது எங்க பொறுப்பு இல்ல. பழுது ஆனா நாங்க வர மாட்டோம்" என்றார்.

"நீங்க இதுக்கு முன்னாடி எப்ப வந்தீங்க?" என்றாள் என் மனைவி.

அது கொஞ்சம் அநியாயம். இன்ஜினியர் பெண் வந்துகொண்டுதான் இருந்தாள். அதற்குப் பிறகும் வருகிறாள், மீன் வாங்க. ஃபேனைப் பற்றி அவள் பேச மாட்டாள். ஆனால் மேலே பார்க்காமல் போக மாட்டாள். மலை ஊருக்குப் புதிதாக ஒன்று போய்விட்டது என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கியது.

ஓர் இறக்கை ஓரத்தில் வெடித்திருக்கிறது. படகுக்கு ஒட்டுப் போடும் ஃபைபரைத் தடவி வைத்திருக்கிறேன். எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. பேட்டரியும் முன்னைப் போல இல்லை, பல்பு விடியும் வரைக்கும் வருவதில்லை. வரிசைக்குக் கம்பி கேட்டு மறுபடியும் மனு கொடுத்திருக்கிறோம். இந்தத் தடவை தலைவரோடு நானும் கரண்ட் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த ஒருவர், "கொஞ்சம் அப்படித் தள்ளி நில்லுங்க, ஒரு பத்து நிமிஷம்" என்றார்.

நான் தள்ளி நிற்கவில்லை.